நான்காம் நாளுக்குப் பெயர் இல்லை

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் பழமொழி. விருந்தினருக்குரிய உபசாரம் மூன்று நாள், அதற்கு மேற்பட்டது தர்மத்தின் கணக்கில் சேரும் என்பது இஸ்லாமிய மரபு நபிமொழியாகப் போற்றுவது. வெவ்வேறு நிலங்களில் பிறந்த இரண்டு வழக்குகளும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. காரணம் எளிது. மூன்று நாள்வரை ஒரு வீடு தன் அன்றாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வந்தவருக்கு இடம் தர முடியும். நான்காம் நாள் கணவன் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு, அடுப்படியில் இருப்பவருக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கியிருக்கும்.

மூன்று நாள்வரை வந்தவருக்குப் பெயர் உண்டு: விருந்தாளி. பணம் கொடுத்து ஒரு பகுதியில் இருப்பவருக்கும் பெயர் உண்டு: குடித்தனக்காரர். ஆனால் மூன்று நாளுக்குப் பிறகும் பெட்டியோடு நம் வீட்டிலேயே தங்கிவிட்ட மைத்துனருக்கு, சித்தப்பா மகனுக்கு, கணவனை இழந்து வந்த தங்கைக்கு என்ன பெயர்? தமிழில் உறவைச் சுட்டும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. இந்த நிலையைச் சுட்டத்தான் ஒரு சொல் கிடைக்கவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை வீட்டில் உறவினர் குடிவருவதால் உண்டாகும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி பணத்தாலோ இடநெருக்கடியாலோ வருவதில்லை. அந்த நிலைக்கு யாரும் பெயரிட்டுப் பேசாததால் வருகிறது. எத்தனை நாள், எவ்வளவு பங்கு, எந்த வேலை, நாங்கள் வீட்டைக் காலிசெய்தால் என்ன என்று நான்காம் நாளே பேசிவிட வேண்டும். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட வேண்டும். அப்படிப் பேசுவது உறவை அவமதிப்பது என்னும் எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைக் கடையநல்லூரை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கருப்பாநதி அணையை அருகில் கொண்டு, 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தின் ஊராக இருக்கும் கடையநல்லூர், நெசவுக்கும் நெல்லுக்கும் அடுத்தபடியாக வெளியூர்ப் பயணத்தால் வாழ்ந்த ஊர். பொதிகை விரைவு வண்டியில் சென்னைக்குப் போகிறவர், சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போனவர், வளைகுடாவுக்குப் போகிறவர் என்று மூன்று திசைகளிலும் அந்த ஊருக்கு வாசல் உண்டு. போகிறவரின் சட்டைப்பையில் ஒரு முகவரி இருக்கும். அது பெரும்பாலும் ஓர் உறவினரின் வாடகை வீட்டு முகவரி.

சிங்கப்பூரில் 'கடையநல்லூர்த் தெரு' என்றே ஒரு தெரு உண்டு. சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகும் மேக்ஸ்வெல் உணவு அங்காடியின் முகவரி 'எண் 1, கடையநல்லூர்த் தெரு' என்பதுதான். அங்கே கோழிச்சோறு வாங்க வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தமிழ்நாட்டின் ஒரு நெசவாளர் ஊரின் பெயர் என்று தெரியுமோ! டான்ஜோங் பகார் துறைமுக வட்டாரத்தில் அவ்வூர்க்காரர்கள் திரளாக வாழ்ந்ததன் மிச்சம் அது. மற்றப் பல ஊர்களின் தமிழ் முஸ்லிம்கள் ஆண்கள் மட்டும் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய காலத்தில், கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் மனைவி மக்களோடு போய்க் குடியேறினர் என்பதை அந்தச் சமூகத்தை ஆராய்ந்தவர்கள் தனித்துக் குறிப்பிடுவர். 1941-இல் அவர்கள் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தைத் தொடங்கினர். 1946-இல் அந்தச் சங்கம் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டியது. 1982-இல் மூடப்படும்வரை நடந்த அந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியே சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளி.

அக்காலச் சிங்கப்பூர்க் கடைவீடுகளில் குடியிருப்பு எப்படி நடந்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது. முதன்மைக் குடித்தனக்காரர் ஒருவர் கட்டடம் முழுவதையும் உரிமையாளரிடமிருந்து வாடகைக்கு எடுப்பார். உள்ளே பலகைத் தடுப்புகள் வைத்துச் சிறு சிறு அறைகளாக்கி உள்வாடகைக்கு விடுவார். 1947-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் பிடித்து வைத்திருந்ததால் உள்ளே மனிதர்கள் பெருகினர். அந்தக் கட்டுப்பாடு 2001-இல்தான் முற்றாக நீங்கியது. இத்தகைய தடுப்பறைகளின் உலகில் உறவினர் ஒருவர் கூடுதலாக வந்து பாய் விரிப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லாருமே யாரோ ஒருவருடைய தடுப்புக்குள் இருப்பவர்கள்தாம்.

அந்த ஏற்பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. வங்கி கடன் தராத, விடுதிக்குப் பணமில்லாத, வேலைவாய்ப்பு அலுவலகம் என்று ஒன்றைக் கண்டிராத மனிதனுக்கு, முன்னால் போன உறவினரின் அறைதான் வங்கி, விடுதி, வேலைவாய்ப்பு அலுவலகம் மூன்றும். அந்த அறை இல்லாவிட்டால் அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர் வந்திராது. அந்தப் பள்ளியும் எழுந்திராது. நம் குடும்பங்கள் பலவற்றின் இன்றைய வசதிக்கு அடியில், தன் பாயில் பாதியை விட்டுக்கொடுத்த யாரோ ஒருவர் இருக்கிறார். ஆகவே 'உறவினரை வீட்டில் சேர்க்காதீர்கள்' என்னும் நவீன உபதேசத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஏற்பாடு எழுதப்படாதது. ஆயினும் தெளிவற்றதாக இருந்திருக்க முடியாது. ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே துறைமுகம். வந்தவன் எதற்காக வந்தான், எப்போது வேலைக்குப் போவான், முதல் சம்பளத்தில் யாருக்கு எவ்வளவு என்பதைச் சுற்றியிருந்தவர்கள் அனைவரும் அறிவர். கணக்கு ஊரின் வாயில் இருந்தது. காகிதம் தேவைப்படவில்லை.

இன்றைய அடுக்குமாடி வீட்டுக்கு அந்த ஊர் வாய் இல்லை. வேளச்சேரியிலோ தாம்பரத்திலோ இரண்டு படுக்கையறை வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து மைத்துனர் மகன் வருகிறான். 'கொஞ்ச நாள்தான், வேலை கிடைக்கும்வரை' என்கிறார்கள். பிள்ளைகளின் அறை அவனுடையதாகிறது. பிள்ளைகள் கூடத்துக்கு வருகிறார்கள். வேலை கிடைக்கிறது. 'முதல் சம்பளம் வரட்டும்' என்கிறார்கள். முதல் சம்பளம் ஊருக்குப் போகிறது, தங்கையின் கல்யாணக் கடனுக்கு. அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஆறு மாதம் கழிகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் அந்த வீட்டில் சிரிப்பு குறைந்திருக்கும்.

செலவைப் பற்றிப் பேசுவோம். சோற்றுக்குக் கணக்குப் பார்ப்பது நம் வழக்கமில்லை; பார்க்கவும் வேண்டாம். ஆனால் மின்சாரம் கணக்குப் பார்க்கும். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுக் கட்டணத் திருத்தப்படி, இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கூடுதல் என்று நிற்பதில்லை. கீழ்ப்படி யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை ஏறிவிடும். ஓர் அறையில் இரவு முழுதும் ஓடும் குளிர்சாதனம் அந்தக் கோட்டைத் தாண்டவைக்கப் போதும். தண்ணீர் லாரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும் குடியிருப்பில் ஒரு தலை கூடுகிறது. இரு சக்கர வண்டிக்கு இடம் வேண்டும். இவை ஒவ்வொன்றும் சிறியது. சிறியதாக இருப்பதால்தான் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாததெல்லாம் உள்ளே தேங்குகிறது.

இன்னொரு செலவு உண்டு. அதற்கு மீட்டரே கிடையாது. அது அந்த வீட்டுப் பெண்ணின் செலவு. வரவேற்பு ஆண்களுக்கிடையே தொலைபேசியில் முடிவாகிவிடுகிறது. 'வரச் சொல்லுங்க மச்சான், நம்ம வீடு இருக்கும்போது எதுக்கு ஹாஸ்டல்?' என்று சொல்பவர் கணவர். காலையில் இன்னொரு டிபன் டப்பா கட்டுபவர் அவரல்லர். வயது வந்த ஆண் உறவினர் ஒருவர் நாள் முழுதும் வீட்டில் இருந்தால், தன் சொந்த அடுப்படியிலேயே தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிற்க வேண்டிய பெண்ணின் நிலையை அந்த அழைப்பு கணக்கில் எடுப்பதில்லை. முக்காடு இடாத வீடுகளிலும் இதே கதைதான். நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொள்வதாக மாறியிருக்கும், அவ்வளவே. குளியலறைக்கு முறை பார்ப்பது, கூடத்தில் படுத்திருப்பவரை எழுப்பாமல் விடியற்காலையில் நடமாடுவது, தன் அம்மாவோடு தொலைபேசியில் மனம் விட்டுப் பேச மொட்டை மாடிக்குப் போவது என்று அந்தப் பட்டியல் நீளும். அவரிடம் யாரும் கேட்கவில்லை. 'வேண்டாம்' என்று அவர் சொன்னால் கணவன் வீட்டாரை மதிக்காதவள் என்ற பெயர் காத்திருக்கிறது. நான்காம் நாள் பேச்சு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இவர்தான். அந்தப் பேச்சில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும், தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போகிறவராக அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சட்டம் உறவை அறியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது நம்மைவிடத் துல்லியமாகவே யோசித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். அதன் இடத்தில் 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்பது புதிய சட்டத்தின் அடிப்படை. உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்பதில் பழையதும் புதியதும் ஒன்றே.

அப்படியானால் மைத்துனர் மகன் தங்குவது உள்வாடகையா? அன்று. வாடகைதாரர் தாமும் அங்கேயே வசித்து, வீட்டின் மீதுள்ள தம் பிடியை விடாமல் இருக்கும்வரை, உறவினர் உடனிருப்பது உள்வாடகை ஆகாது என்பதே நீதிமன்றங்களின் பொதுவான நோக்கு. 1988-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவான ஜகன்நாத் எதிர் சந்தர் பான் என்னும் டெல்லி வழக்கு இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. தந்தை வாடகைக்கு எடுத்த இடத்தில் அவர் ஓய்வு பெற்றபின் மகன்கள் தொழில் நடத்தினர். இடத்தின் மீதான சட்ட உரிமையைத் தந்தை தம்மிடமே வைத்திருக்கும்வரை, பிறர் பயன்படுத்துவதால் மட்டும் அனுபோகத்தைக் கைமாற்றியதாகாது என்று நீதிமன்றம் கூறியது. யார் தங்குகிறார் என்பதைவிட, யார் கையில் வீடு இருக்கிறது என்பதே கேள்வி.

நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். குடும்பத்தலைவருக்கு வளைகுடாவில் வேலை கிடைக்கிறது. மனைவி மக்களைக் கடையநல்லூருக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏறுகிறார். சென்னை வீட்டைக் காலிசெய்ய மனமில்லை. முன்பணம் இருக்கிறது, வாடகையும் பழைய வாடகை. 'நீயே இரு, வாடகையை நீ கட்டிவிடு' என்று சாவியைத் தங்கை கணவரிடம் கொடுக்கிறார். குடும்பத்தின் பார்வையில் எதுவும் மாறவில்லை. வீடு 'நம்ம' வீடாகத்தான் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் எல்லாமே மாறிவிட்டது. ஒப்பந்தக்காரர் இல்லை, வேறொருவர் தனித்து வசிக்கிறார், பணம் கைமாறுகிறது. உள்வாடகை என்று வாதிட உரிமையாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதில் உண்மையில் ஆபத்தில் நிற்பவர் தங்கை கணவர். ஒப்பந்தத்தில் பெயர் இல்லை. முன்பணம் வேறொருவர் பெயரில். இரண்டு ஆண்டுகள் வாடகை கட்டியும் அதற்கு அவர் பெயரில் ஒரு ரசீது இருக்காது. நாளை வெளியேறச் சொன்னால், 'நான் யார்?' என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் 'வாடகைதாரர்' என்னும் சொல்லுக்குள், வாடகைதாரர் இறந்தபின் அவரோடு கடைசிவரை குடும்பமாக வாழ்ந்த துணைவர், பிள்ளைகள், சட்டப்படியான வாரிசுகள் ஆகியோரைச் சேர்த்திருந்தது. அந்தப் பரந்த வரையறைக்குள்ளும் மைத்துனர் எளிதில் வந்துவிட முடியாது. நாம் எவ்வளவு தாராளமாக வாசலைத் திறந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் நம் தயவில் நிற்பவர். ஒருவரை அன்பின் பெயரால் இப்படித் தயவில் நிறுத்தி வைப்பது உண்மையில் தாராளம்தானா என்று யோசிக்க வேண்டும்.

கடல் கடந்தால் விதி இன்னும் கறாராக இருக்கிறது. துபாயின் 2007-ஆம் ஆண்டு 26-ஆம் எண் வாடகைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு (2008-இல் திருத்தப்பட்டது), உரிமையாளரின் எழுத்துச் சம்மதமின்றி உள்வாடகைக்கு விட்டால் இருவரையும் வெளியேற்றலாம் என்கிறது. உள்ளே இருந்தவர் தமக்கு விட்டவரிடம் நட்டஈடு கேட்கலாம் என்றும் சொல்கிறது. 2022 செப்டம்பரில் துபாய் நிலத்துறை, ஒரு வீட்டில் உடன் வசிப்போர் அனைவரின் பெயரையும் தன் செயலியில் இரண்டு வாரத்துக்குள் பதியுமாறு கேட்டுக்கொண்டது. சிங்கப்பூரின் வீவக வீடுகளில் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள் 6 பேருக்கு மேல் கூடாது என்றிருந்தது. 2024 ஜனவரி 22 முதல் பெரிய வீடுகளுக்கு அது தற்காலிகமாக 8 ஆக உயர்த்தப்பட்டது. சித்தப்பா மகனின் மைத்துனர் இந்தக் கணக்கில் உறவா, இல்லையா? நாம் உறவு என்போம். அதை முடிவு செய்வது படிவம்.

இப்படித் தலை எண்ணுவதை அதிகாரத்தின் தொல்லை என்று தள்ளிவிட முடியாது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்ததில் 40-க்கும் மேற்பட்ட இந்தியர் மாண்டனர். அவர்களில் தமிழர்களும் இருந்தனர். அது நிறுவனம் தந்த குடியிருப்பு, உறவினர் வீடு அன்று. ஆனால் ஒரு கட்டடத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தீயணைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பாடம் எல்லா வீட்டுக்கும் பொது. பெயர் பதியாத மனிதரை யாரும் தேடமாட்டார்கள்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். அறத்துப்பாலில் இல்லறவியலில் இருக்கிறது. சுற்றத்தாரை அணைத்துக் கொள்வதைச் சொல்லும் சுற்றந்தழால் எங்கே இருக்கிறது? அதுவும் இல்லறவியலில்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அது 53-ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில், அரசியலில் வைக்கப்பட்டிருக்கிறது. அரசனுக்குச் சொன்னது என்று உரையாசிரியர்கள் விளக்குவர், அது சரியே. எனக்கு அந்த வைப்புமுறை இன்னொன்றையும் உணர்த்துகிறது. வந்து போகும் விருந்தினரைப் பேண இல்லத்தின் அன்பு போதும். கூடவே இருக்கும் சுற்றத்தைப் பேண, அன்போடு நிர்வாகமும் வேண்டும். யாருக்கு என்ன, எவ்வளவு, எதுவரை என்று வகுக்கத் தெரியாதவன் சுற்றத்தை நெடுநாள் தழுவி நிற்க முடியாது.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால், அறியாதவர்கள் சொர்க்கத்தைப் பற்றியோ இறைவனின் பெருமையைப் பற்றியோ இருக்கும் என்பார்கள். அது இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். தவணை குறித்த கடனை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது. சிறிய தொகையானாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்பது அதன் கருத்துகளில் ஒன்று. எழுதுவது ஐயத்தின் அடையாளம் என்றால், நம்பிக்கையாளர்களைப் பார்த்தே அது ஏன் சொல்லப்பட வேண்டும்? நம்பிக்கை உள்ளவர்களுக்கிடையே அந்த நம்பிக்கை கெடாமல் இருக்கத்தான் எழுத்து. பள்ளிவாசலில் அந்த வசனத்தை ஓதக் கேட்டவர்களும், பள்ளிக்கூடத்தில் அந்தக் குறளை மனப்பாடம் செய்தவர்களும் மைத்துனரிடம் ஒரு தேதியைக் கேட்க நாணுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மறுப்புகள் வரும் என்பது தெரியும். முக்கியமானவற்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, 'உறவில் கணக்கா?' என்பது. குற்றாலத்துக்கு அருகிலுள்ள ஊர்களுக்குச் சாரல் காலம் தெரியும். ஆனியும் ஆடியும் வந்தால் தென்காசி, கடையநல்லூர் வீடுகளில் எங்கெங்கோ இருந்த உறவெல்லாம் வந்து நிறையும். கூடம் முழுவதும் பாய். அதை யாரும் பாரமாகச் சொல்வதில்லை. அடுத்த ஆண்டும் வரச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். காரணம், சாரல் நின்றால் போய்விடுவார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியும். வந்தவரும் கூச்சமின்றி இருப்பார். வரவேற்றவரும் மனம் நிறைந்து செய்வார். எல்லை தெரிந்திருந்ததால்தான் அந்த விருந்து இத்தனை தலைமுறையாக நடக்கிறது.

இரண்டாவது, 'வீட்டுக்காரரிடம் சொன்னால் வாடகையை ஏற்றுவார், அல்லது காலிசெய்யச் சொல்வார்' என்பது. இது உண்மையான பயம். பெயரைக் கேட்டு, மதத்தைக் கேட்டு, அடுப்பில் என்ன வேகும் என்று கேட்டு வீடு தருகிற நகரத்தில், கிடைத்த வீட்டை இழக்கும் அச்சம் சிலருக்கு மற்றவர்களைவிட அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மறைத்து வாழ்வதால் அந்த அச்சம் குறைவதில்லை. காவலாளிக்கு முதல் நாளே தெரிந்துவிடும். வீட்டுக்காரருக்கு இரண்டாம் வாரம். பிறகு, வந்த பையன் படியில் தலை குனிந்து ஏறி இறங்க வேண்டும். ஒப்பந்தத்தில் சொல்லாத உயர்வை உரிமையாளர் தம் விருப்பப்படி விதிக்கப் புதிய சட்டம் இடம் தரவில்லை. 'என் மனைவியின் அண்ணன் மகன், இன்ன வேலைக்கு வந்திருக்கிறான், ஆறு மாதம் எங்களோடு இருப்பான்' என்று ஒரு வரி எழுதித் தெரிவித்தவரின் பக்கம், நாளை தகராறு வந்தால் நியாயமும் சாட்சியும் நிற்கும்.

வீட்டுக்காரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுடைய வீட்டின் தொட்டியும் கழிவுக்குழாயும் எத்தனை பேருக்குத் தாங்கும் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கூடுதல் தண்ணீருக்குக் கூடுதல் பணம் கேட்பதும் நியாயம். ஆனால் வாடகைதாரரின் தாய் ஊரிலிருந்து வந்து தங்குவதைக் 'கெஸ்ட் ரொம்ப நாளா இருக்காங்களே' என்று கேட்பவர் தம் வீட்டில் தம் தாயை எங்கே வைத்திருக்கிறார் என்று யோசிக்கட்டும். பெற்றோர் விருந்தாளிகள் அல்லர். வீடு பார்க்கும்போதே 'அம்மா எங்களோடு வந்து இருப்பார்' என்று சொல்லி, ஒப்பந்தத்தில் பெயரைச் சேர்த்துவிடுவது எல்லாருக்கும் நல்லது.

மூன்றாவது மறுப்பு கனமானது. 'கணவன் இறந்தோ பிரிந்தோ பிள்ளைகளோடு வந்து நிற்கும் தங்கையிடம் தேதி கேட்பீர்களா?' கேட்கக் கூடாது. ஆனால் அவரிடமும் பேச வேண்டும். அங்கே பேச வேண்டியது வேறு. வேலை தேடி வந்த இளைஞனுக்கு வேண்டியது ஒரு முடிவுத் தேதி. அந்தத் தங்கைக்கு வேண்டியது, முடிவுத் தேதி கிடையாது என்னும் உறுதி. அண்ணன் மனத்தில் அது இருக்கலாம். அவர் காதில் விழவில்லையே! காதில் விழாததால் அவர் ஒவ்வொரு நாளும் தேவைக்கு மேல் வேலை செய்கிறார், பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அடக்குகிறார், அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு போட்டுக் கொள்கிறார். 'இந்த அறை உனக்கும் பிள்ளைகளுக்கும். வீடு மாறினாலும் நீங்கள் வருகிறீர்கள் என்று கணக்கிட்டுத்தான் வீடு பார்ப்போம்' என்று ஒருநாள் உட்கார்ந்து சொன்னால் அவருக்கு மூச்சு வரும். நான்காம் நாள் பேச்சு என்றவுடன் அதை வெளியே அனுப்பும் தந்திரமாக நினைப்பவர்கள், பேசாமையால் உள்ளேயே அகதியாக வாழும் இந்தப் பெண்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பேச வேண்டியவை அதிகமில்லை. எத்தனை நாள் அல்லது எந்த நிகழ்வுவரை. வேலை கிடைத்தபின் எத்தனை மாதம் என்பதையும் சேர்த்து. வீட்டுச் செலவில் எந்தப் பங்கு, எந்த மாதத்திலிருந்து. முதல் மூன்று மாதம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவானால் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் வாங்கிக்கொள்பவர் நிம்மதியாக வாங்கிக்கொள்வார். எந்த வேலை யாருடையது. தண்ணீர் பிடிப்பதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், தன் தட்டைத் தானே கழுவுவதும் இதில் அடங்கும். வீட்டில் தனிமை வேண்டிய நேரங்கள் எவை என்பதை வீட்டுப் பெண்ணே சொல்ல வேண்டும். கடைசியாக, ஒப்பந்தக்காரர் வெளியூர் போக நேர்ந்தால் சாவியைக் கைமாற்றுவதோடு நிறுத்தாமல், வீட்டுக்காரரிடம் பேசி, தங்குபவர் பெயரில் புதிய ஒப்பந்தமே போட்டுவிடுவது. முன்பணத்தையும் அப்போதே கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் பள்ளிக்கூட நோட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும். முத்திரைத்தாள் வேண்டாம்.

பெரியவர்கள் சிலர், 'நாங்கள் இப்படியெல்லாம் பேசியா ஆளாக்கினோம்?' என்று கேட்பார்கள். அவர்கள் பேசவில்லைதான். அவர்களுக்காகத் தெருவும் சங்கமும் பள்ளிவாசல் திண்ணையும் பேசின. மூன்றும் இல்லாத எட்டாவது மாடியில் நாம்தான் பேசியாக வேண்டும். பேசாமல் இருந்து, பிறகு கல்யாண வீட்டில் முகம் திருப்பிக்கொண்டு போகும் உறவுகளை நாம் ஏராளமாகப் பார்த்துவிட்டோம். அவர்களில் பலர் ஒரு காலத்தில் ஒரே கூரையின் கீழ் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். அவர்களைப் பிரித்தது மின்கட்டணம் அன்று. அந்த மின்கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாமல் போனது.

உங்கள் வீட்டில் இப்போது யாராவது தங்கியிருந்தால், இன்று எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பாருங்கள். நூறாவது நாளானாலும் நான்காம் நாளின் பேச்சைத் தொடங்கலாம். நீங்களே ஓர் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர் என்றால் இன்னும் நல்லது. அந்தப் பேச்சை நீங்கள் தொடங்கினால் அதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.